"ரெண்டும் ஒரே ஃப்ளானல்தான் ஆன்டி" என்றார்கள்: குவில்ட் தைப்பவர்கள் கவனத்துக்கு

டர்பன் பக்கம் குவில்ட் (மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கிறவர்கள் யாராவது நடுவில் வைக்கப் பஞ்சுத் தகட்டுக்குப் பதிலாக ஃப்ளானல் (இழையைச் சீவி எழுப்பிய மென்மையான துணி) வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஜூன் மாதம் ஒரு கடையில் காட்டன் என்று சொல்லிக் கொடுத்த ஃப்ளானலால் என் குவில்ட் பாழானது. அது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

எங்கள் அம்மா 1996-இல்தான் முதல்முறையாக இந்தியா போனார். 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்திக்கொண்டது. அந்தத் தடை 1990-களில்தான் விலகியது. அதுவரை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த எங்களுக்கு மதுரைச் சுங்குடி என்பது ஆயா பேச்சில் வருகிற ஒரு பெயர், அவ்வளவுதான். அம்மா மதுரையிலிருந்து மூன்று சுங்குடி வாங்கி வந்தார். அரக்கு ஒன்று, கருநீலம் ஒன்று, பச்சை ஒன்று. கோவிலுக்கு, ஆடி மாதக் கூழ் பூசைக்கு, யார் வீட்டு விசேஷத்துக்கும் அவற்றையே மாற்றி மாற்றிக் கட்டினார். இருபது வருடத்துக்கு மேல் கட்டினார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தால், கொசுவம் வரும் இடமெல்லாம் நைந்து வெளிச்சம் தெரிந்தது. நல்ல பாகமாகத் தேடித் தேடி வெட்டியதில், தையலுக்கு விட்டது போக 25 சென்டிமீட்டர் சதுரங்கள் 48 தேறின. அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அதை ஒரு குவில்ட்டாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் ஃப்ளானல் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்கே தெரியும். குளிர்காலமான ஜூலையில்கூட பகலில் வெயில் அடிக்கும், ராத்திரி மட்டும் ஒரு போர்வை வேண்டும். பாலியஸ்டர் தகடு வைத்த குவில்ட்டைப் போர்த்தினால் நடுராத்திரி வியர்த்துக் காலால் தள்ளிவிடுவோம். பருத்தி ஃப்ளானல் மெல்லியது, உடம்போடு படிந்து விழும், மடித்தால் அலமாரியில் இடம் அடைக்காது. அது நெய்த துணி என்பதால் பஞ்சு மாதிரி உள்ளே நகர்ந்து கட்டி கட்டியாகச் சேராது. தையல் வரிகளை நெருக்கமாகப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. அம்மாவின் நைந்த துணியில் எவ்வளவு குறைவாக ஊசி ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. துணிதான் சொன்ன துணியாக இல்லை.

நகரத்தில் பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் இருக்கிற ஒரு கடை. பெயரை இங்கே போடவில்லை. கிரீம் நிற ஃப்ளானல், மீட்டர் 90 ராண்ட், அகலம் 115 சென்டிமீட்டர். ரோலின் முனையில் லேபிள் இல்லை. அந்த இடத்தில் ஒட்டுத்தாளைக் கிழித்த தடம் மட்டும் இருந்தது. நூறு சதவிகிதம் காட்டன்தானா என்று கேட்டேன். "ப்யூர் காட்டன் ஆன்டி, மில்லிலேயே சுருக்கிட்டு வருது, துவைக்காமலே தைக்கலாம்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. எனக்குத் தேவை நாலரை மீட்டர். அந்த ரோலில் இரண்டேகால் மீட்டர்தான் இருந்தது. உள்ளே போய் இன்னொரு ரோல் எடுத்து வந்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் ஒன்றுதான், தொட்டால் மென்மையும் ஒன்றுதான். "ரெண்டும் ஒரே ஃப்ளானல்தான் ஆன்டி, ஒரே பேல்ல வந்தது" என்று வெட்டிக் கொடுத்தார். 405 ராண்ட். ரசீதில் 'காட்டன் ஃப்ளானல் 4.5 மீ' என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

தைக்கும் முன் நான் துவைத்துப் பார்க்கவில்லை. அது என் தவறு, மறைக்க ஒன்றுமில்லை. அம்மாவின் சதுரங்களையும் அடித்துணியையும் துவைத்தேன். மில்லில் சுருக்கியது என்ற வார்த்தையை நம்பி ஃப்ளானலை மட்டும் விட்டுவிட்டேன்.

இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஜிக்ஜாக் போட்டேன். அப்படிச் செய்தால் நடுவில் மேடு தட்டாது. 90 எண் ஊசி, வாக்கிங் ஃபுட் (அடுக்குகளை ஒன்றாக நகர்த்தும் மெஷின் பாதம்), தையல் நீளம் 3 மில்லிமீட்டர். மூன்று வாரம் பிடித்தது. முடிந்தபோது 150-க்கு 200 சென்டிமீட்டர், நான்கு மூலையும் சரியாக இருந்தது. பரிசாகக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடலாம் என்று 40 டிகிரியில் மெதுவான சுழற்சியில் போட்டேன்.

கொடியில் போடும்போதே தெரிந்துவிட்டது. இடது பாதி சுருங்கி இழுத்துக்கொண்டு நின்றது. வலது பாதி தட்டையாக இருந்தது. காய்ந்த பிறகு டேப் வைத்தால் வலது ஓரம் 199, இடது ஓரம் 187. ஒரு குவில்ட்டில் இரண்டு ஓரத்துக்கும் 12 சென்டிமீட்டர் வித்தியாசம். இடது பாதியில் தையல் வரி ஓடிய இடங்களில் சுங்குடி கிழிந்திருந்தது. பதினொரு சதுரம். அரக்குச் சேலையின் முந்தானை நடுப்பாகம், அம்மா தோளில் போடும் இடம், அதில்தான் இருந்தது.

வலது பாதியில் வேறு தொல்லை. கருநீலச் சதுரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த மாதிரி ஒரு தூவி. உள்ளே இருக்கிற ஃப்ளானலின் இழை மேல்துணியைத் துளைத்து வெளியே வந்திருந்தது. பிடித்து இழுத்தால் இன்னும் வரும்.

மிச்சத் துண்டுகள் இரண்டும் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின் மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்தினேன். முதல் ரோல் நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்தது. சாம்பல் விரலில் தேய்த்தால் பொடிந்தது. அது பருத்தி. இரண்டாவது ரோல் நூல் தீயைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கி உருகியது, கரும்புகை, பிளாஸ்டிக் நெடி. ஆறிய பின் மிளகு மாதிரி கெட்டியாக ஒரு கரிய மணி மிஞ்சியது. அது பாலியஸ்டர், அல்லது பாலியஸ்டர் அதிகம் கலந்தது. ஆக, இடது பாதியில் இருந்த துண்டு பருத்திதான், ஆனால் மில்லில் சுருக்கியது இல்லை. வலது பாதியில் இருந்தது சொன்னபடி சுத்தப் பருத்தி இல்லை. சொன்ன இரண்டு வார்த்தையில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை.

பருத்தி ஃப்ளானல் ஏன் இவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நூலை அதிகம் முறுக்காமல் தளர்வாக நூற்று, தளர்வாக நெய்து, அப்புறம் கம்பி முள் உருளைகளால் சீவி இழையை எழுப்புகிறார்கள். அந்தத் தளர்ச்சிதான் மென்மையைக் கொடுக்கிறது. தண்ணீர் பட்டதும் அதே தளர்ச்சிதான் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சாதாரணக் குவில்ட் காட்டனைவிட அதிகம் சுருங்கும், அதிலும் நீளவாட்டில்தான் கூடுதல். பாலியஸ்டர் அப்படிச் சுருங்காது. இரண்டையும் ஒரே குவில்ட்டின் நடுவில் பக்கம் பக்கமாக வைத்தால் என் குவில்ட்டுக்கு நடந்ததுதான் நடக்கும்.

கடைக்குக் குவில்ட்டையே தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி அன்றைக்கு இல்லை. முதலாளி துணியை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார்: வெட்டிய துணி திரும்ப எடுக்கப்படாது. அப்புறம், "பழைய சேலையைத் தைத்தால் கிழியத்தான் செய்யும்" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. ஏனென்றால் மூன்று சேலையின் சதுரங்களையும் இரண்டு பாதியிலும் மாற்றி மாற்றித்தான் வைத்திருந்தேன். ஒரே சேலை, ஒரே வயது, ஒரே நூல், ஒரே ஊசி. கிழிந்தது அத்தனையும் இடது பாதியில். வலது பாதியில் ஒரு சதுரம்கூடக் கிழியவில்லை. இதைச் சொன்னேன். கேட்கவில்லை. வேறு கஸ்டமருக்கு வழி விடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படம் எடுத்தேன். ரசீது, இரண்டு மிச்சத் துண்டு, எரித்த நூல், டேப் வைத்த இரண்டு ஓரம். கடைக்கு எழுத்தில் அனுப்பினேன். இங்கே 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 56-ஆவது பிரிவின்படி குறையுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர், கடைக்காரர் இல்லை. சுவரில் காகிதம் ஒட்டி அதை ரத்து செய்ய முடியாது. 41-ஆவது பிரிவு, பொருளைப் பற்றித் தவறான தகவல் சொல்லி விற்கக் கூடாது என்கிறது. என்ன நார், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று துணிக்கு லேபிள் இருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. பதில் வராவிட்டால் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் நுகர்பொருள் ஆம்புட்ஸ்மனிடம் போவேன் என்றும் எழுதினேன். அங்கே புகார் கொடுக்க நமக்குச் செலவு கிடையாது.

பதினெட்டு நாள் கழித்து 405 ராண்ட் வந்தது. மன்னிப்பு என்று ஒரு வரி இல்லை. நான் கேட்ட ஒரே கேள்விக்கு, அந்த இரண்டாவது ரோலை இப்போதும் காட்டன் என்று சொல்லித்தான் விற்கிறீர்களா என்பதற்கு, இன்றுவரை பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இனி ஃப்ளானல் வாங்கினால் நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். முதலில் 30 சென்டிமீட்டர் மட்டும் வெட்டி வாங்குவேன். அதில் நீளவாட்டில் 25 சென்டிமீட்டர் அளந்து அழியாத பேனாவால் குறித்து, வெந்நீரில் துவைத்துக் காயவைத்து மறுபடி அளப்பேன். 25 என்பது 23.5 ஆனால் 6 சதவிகிதம் போய்விட்டது என்று அர்த்தம். பிடித்திருந்தால் மொத்தத்தையும் ஒரே ரோலிலிருந்து வாங்குவேன். போதாவிட்டால் வாங்கவே மாட்டேன், அல்லது ஒவ்வொரு ரோலிலும் நூல் எடுத்துத் தனித்தனியாக எரித்துப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் வெட்டிய ஓரங்களுக்கு ஜிக்ஜாக் போட்டுவிட்டு இரண்டு முறை துவைப்பேன். ஜிக்ஜாக் போடாவிட்டால் தளர்ந்த நெசவு பிரிந்து மெஷின் முழுக்க நூலாகிவிடும். தைக்கும்போது பாபின் பக்கம் தூவி சேர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் பிரஷ் போட வேண்டும். கையால் தைப்பவர்களுக்கு ஒன்று: பஞ்சைவிட ஃப்ளானலில் ஊசி கடினமாக இறங்கும், விரலுறை இல்லாமல் உட்காராதீர்கள்.

குவில்ட்டைப் பிரித்தேன். சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக, கிட்டத்தட்ட ஒரு மாதம். 48-இல் 37 சதுரம் முழுதாகக் கிடைத்திருக்கின்றன. ஆறுக்கு ஆறு வைத்துச் சின்னதாகத் தைக்கலாம், ஒன்று மிஞ்சும். அதை நான் வைத்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். புது ஃப்ளானல் வேறு கடையில் வாங்கியாகிவிட்டது, ஒரே ரோல், எரித்துப் பார்த்தாயிற்று, இரண்டாவது துவையல் இன்று கொடியில் கிடக்கிறது.

நீங்கள் ஜூன், ஜூலையில் நகரத்தில் மீட்டர் 90 ராண்டுக்குக் கிரீம் நிற ஃப்ளானல் இரண்டு துண்டாக வாங்கியிருந்தால், இன்னும் தைக்காமல் வைத்திருந்தால், தயவுசெய்து இரண்டிலிருந்தும் நாலு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.