மாவுக் கொட்டகைக்கு இழுத்த வயர்: 2.5-இலிருந்து 6-க்கு

"பின்பக்கம் மாவு மெஷின் போடப் போறேன், 2.5 வயர் போதுமா?" என்று போன வாரம் மச்சான் கேட்டான். அவனுக்குத்தான் இது. இதில் என் மூன்று வருட எரிச்சல் இருக்கிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், செம்பனைத் தோட்ட வேலியை ஒட்டிக் கொட்டகை. மீட்டர் போர்டிலிருந்து வயர் 40 மீட்டர் ஓடுகிறது. இரண்டு கிரைண்டரும் ஃப்ரீசரும் சேர்ந்து ஓடினால் 20 ஆம்பியர். முதலில் போட்டது 2.5 அளவு வயர். விடியற்காலை நாலு மணிக்கு இரண்டாவது கிரைண்டரைத் தட்டினால் டியூப் லைட் மங்கும், மோட்டார் முனகும். "2.5 தாங்கும்பா" என்றார்கள். தாங்கும்தான். தூரம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

ஃப்ரீசர் கம்ப்ரசர் போன பிறகுதான் கணக்குப் போட்டேன். 2.5 வயரில் ஒரு ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு வோல்டேஜ் 18 மில்லிவோல்ட் விழும். 18 × 20 × 40 = 14,400 மில்லிவோல்ட், அதாவது 14.4 வோல்ட். ஆனால் அளந்து பார்த்தால் போர்டில் 232, கொட்டகையில் 213. 19 வோல்ட் போகிறது! மிச்சம் கிட்டத்தட்ட 5 வோல்ட் எங்கே?

உளுந்து நிறுக்கும் தராசில் பதில் கிடைத்தது. 2.5 என்பது வயரின் தடிமன் இல்லை, உள்ளே இருக்கும் செம்பின் வெட்டுப்பரப்பு, சதுர மில்லிமீட்டரில். நல்ல 2.5-இல் ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மி.மீ.; பிளாஸ்டிக்கோடு சேர்த்து வெளிவிட்டம் 3.6 மி.மீ. அளவில் வரும். செம்பைக் குறைத்து பிளாஸ்டிக்கைத் தடிப்பாக ஊற்றினாலும் அதே 3.6 வரும், கைக்கு வித்தியாசம் தெரியாது. எடை காட்டிக் கொடுத்துவிடும். 100 மீட்டரில் செம்பு மட்டும் 2.2 கிலோ, முழு ரோல் 3.2 கிலோவுக்கு மேல். அப்படியானால் 40 மீட்டர் 1.3 கிலோவாவது இருக்க வேண்டும். பிடுங்கிய என் சிவப்பு வயர் 1 கிலோ 80 கிராம். நுனியைச் சீவிப் பார்த்தேன், இழைகள் தலைமுடி மாதிரி. விற்ற கடைக்காரர் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை.

இப்போது 6. சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பார்த்து, எடை போட்டு வாங்கினேன். 100 மீட்டருக்கு ஏழு கிலோவை நெருங்குகிறது. லைசென்ஸ் உள்ள வயர்மேன் அண்ணன் இழுத்துக் கொடுத்தார். முழு லோடில் விழுவது 6 வோல்ட்கூட இல்லை. ஒன்றரை வருடமாக லைட் அசையவில்லை, மோட்டார் ஒரே சுருதியில் ஓடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சீக்கிரம் எழுந்து போகிறேன்.

ஆனால் 6 விறைப்பு. விளக்கு வயரும் போகும் அதே 20 மில்லி பைப்பில், சமையலறை மூலை முடக்கில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டது. அண்ணனின் விரல் நகம் பெயர்ந்தது. 25 மில்லி பைப்பாக மாற்றியிருக்க வேண்டும், அது என் தப்பு.

மச்சானுக்குத் தூரம் 12 மீட்டர்தான். 4 எடு, எடை போட்டு எடு. என்னைக் கேட்டால், மறுபடி கட்டும்போது கொட்டகையை மீட்டர் பக்கத்திலேயே கட்டுவேன். இவ்வளவு நல்ல வயராக இருந்தாலும் 40 மீட்டர் இழுக்க மாட்டேன்.