பழைய வெப்ளி .32: அசையாத சைட் உள்ள ரிவால்வரை வாங்கலாமா?

பழைய ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் அடுத்த வாக்கியத்திலேயே "ஒரிஜினல் இங்கிலீஷ் சாமான்" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். நான் மன்னார்குடிப் பக்கம் ரைஸ் மில் நடத்துகிறேன், வெப்ளி அண்ட் ஸ்காட் என்ற இங்கிலீஷ் கம்பெனியின் .32 ரிவால்வர் (.32 என்பது அங்குலக் கணக்கில் குழல் அளவு) ஒன்றைப் பல வருஷமாக லைசென்ஸில் வைத்திருக்கிறேன். பேரை விடுங்கள், குண்டு எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள் என்பதுதான் என் பதில். சைட்டை, அதாவது குறி பார்க்கக் குழல் மேல் இருக்கும் முன் மேட்டையும் பின் பள்ளத்தையும், திருகித் திருத்த முடியாத துப்பாக்கியில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டெல்டாவில் இவை பெரும்பாலும் பழைய மிராசுதார் வீடுகளிலிருந்துதான் வெளியே வருகின்றன. தாத்தா போய்விட்டார், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பேரன் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறான், யாருக்கும் வேண்டாம். 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்தாரர் இறந்தாலோ, அவருக்கு 70 வயதானாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு தன் பேரில் லைசென்ஸ் கேட்கலாம். ஆனால் கலெக்டர் ஆபீஸ், தாசில்தார் அறிக்கை, ஸ்டேஷன் விசாரணை என்று அலைய அந்தப் பிள்ளைகளுக்கு ஏது நேரம்? அதுவரை துப்பாக்கி கடையிலோ ஸ்டேஷனிலோ துணியில் சுற்றிக் கிடக்கும். 1980-களில் இறக்குமதி நின்றுபோனதிலிருந்து வெளிநாட்டுச் சாமானுக்கு ஒரு தனி மவுசு வேறு, அதனால் தாத்தா காலத்துப் பழசுக்குக் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வரும் புது .32-ஐவிட அதிக விலை சொல்கிறார்கள். அந்தக் கான்பூர் .32-உம் வெப்ளி மார்க் 4 அமைப்பை ஒட்டிச் செய்ததுதான் என்று சொல்லிப் பாருங்கள், விற்கிறவர் முகம் சுருங்கும்.

இந்த வகை ரிவால்வரில் குழல் கீழ்நோக்கி மடங்கித் திறக்கும், தோட்டா போடும் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு கொக்கி அதைப் பூட்டும். பின் சைட் என்று தனியாக எதுவும் கிடையாது, அந்தக் கொக்கியின் தலையில் வெட்டிய பள்ளம்தான் பின் சைட். இதைப் பலர் கவனிப்பதில்லை. கொக்கி தேய்ந்து லேசாக ஆடினால் பூட்டு மட்டும் தளரவில்லை, குறியும் ஒவ்வொரு தடவை மூடும்போதும் கொஞ்சம் நகர்கிறது. காலித் துப்பாக்கிதான் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, கைப்பிடியை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம், அதைச் சரிசெய்யும் கைப்பக்குவம் உள்ளவர்கள் இப்போது குறைவு.

அடுத்தது கணக்கு. முன் சைட்டுக்கும் பின் பள்ளத்துக்கும் நடுவே சுமார் 12.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன் சைட்டின் உயரத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் 15 மீட்டரில் 6 செ.மீ. ஆகிவிடும். குண்டு கீழே விழுந்தால் முன் சைட்டை அரத்தால் ராவி மேலே கொண்டுவரலாம், அதையும் லைசென்ஸ் உள்ள கடைக்காரர்தான் செய்ய வேண்டும், நம் லேத் பட்டறையில் கொடுக்கக் கூடாது. மேலே விழுந்தால்? ராவியதை ஒட்டவைக்க முடியாது, உயரமான சைட் புதிதாகச் செய்து வைக்க வேண்டும். எவனோ ஏற்கெனவே கை வைத்த துப்பாக்கிகள் இப்படித்தான் மாட்டும். முன் சைட்டின் உச்சி மட்டும் பளபளவென்று நிறம் போயிருந்தால் சந்தேகப்படுங்கள். இடமோ வலமோ தள்ளினால் இந்த அமைப்பில் சுலபமான வைத்தியமே இல்லை.

வெளிநாட்டுக்காரர்கள் இதற்குச் சொல்லும் எளிய வழி, வேறு எடையுள்ள குண்டைப் போட்டுப் பார் என்பது. கனமான குண்டு மெதுவாகப் போகும், குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், அதற்குள் துப்பாக்கி உதைத்து மூக்கைத் தூக்கிவிடும், அதனால் குண்டு மேலே விழும். நியாயமான யோசனைதான், ஆனால் நமக்குச் சாதாரணமாகக் கிடைப்பது புனே பக்கம் கட்கி தோட்டாத் தொழிற்சாலையின் கே.எஃப். .32 லாங், உருண்டை மூக்கு ஈயக் குண்டு. அதுவும் லைசென்ஸில் எழுதிய அளவுக்குத்தான். ஆகவே நம் ஊரில் கேள்வி ரொம்பச் சுருங்கிவிடுகிறது: இந்த ஒரு துப்பாக்கி இந்த ஒரு தோட்டாவை எங்கே போடுகிறது? என்னுடையது 15 மீட்டரில் மூன்று விரல் கீழே போடும். ராவிச் சரிசெய்யச் சொல்லிப் பலர் சொன்னார்கள், நான் விடவில்லை. எப்போதும் ஒரே இடத்தில் போடுகிற வரை எனக்கு அது போதும், மூன்று விரல் தூக்கிப் பிடித்தால் ஆயிற்று.

இதைத் தெரிந்துகொள்ளச் சுட்டுப் பார்த்தே ஆக வேண்டும், வயல்வெளியில் இல்லை, ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் தளத்தில். திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது, 2022-இல் அஜித் மாநிலப் போட்டிக்கு வந்து சுட்டதிலிருந்து அது தெரியாதவர்கள் இல்லை. உங்களுக்குத் தோதான ரேஞ்சில் முன்கூட்டியே பேசி, லைசென்ஸ்தாரரையே கூட்டிப்போய், கையை மணல் மூட்டையில் தாங்கிச் சுடச் சொல்லுங்கள். ஒருவர் சுட்டதை நம்பாதீர்கள். டபுள் ஆக்‌ஷனில் டிரிகரை இழுக்கிற இழுப்பே பின்னாலிருக்கும் ஹேமரையும் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) தூக்க வேண்டும், அதனால் டிரிகர் கனம், பழக்கமில்லாதவர் இழுக்கும்போது கை கீழே வெட்டும், பழி சைட் மேல் விழும். பழகிய கை இரண்டு பேர் சுட்டும் குண்டுகள் ஒரே பக்கம் கூடினால் அதுதான் துப்பாக்கியின் குணம்.

மற்ற சோதனைகள் சட்டென்று முடியும். ஹேமரை மெல்லப் பின்னால் இழுங்கள், அது முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும், ஆறு அறைக்கும். சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியைப் பைக் மெக்கானிக்கின் ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) அளக்கலாம், 0.10-இலிருந்து 0.25 மி.மீ. வரை இருந்தால் நிம்மதி. குழலுக்குள் டார்ச் அடித்துப் பள்ளம் பள்ளமாக அரித்திருக்கிறதா பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் துப்பாக்கியைச் சோதித்துக் குத்திய முத்திரைகள், அதாவது கிரீடத்தின் கீழே எழுத்துகள், பாலிஷ் போட்டு அழிந்திருந்தால் பளபளப்புக்கு மயங்க வேண்டாம். யாராவது .38 சல்லிசாகத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது தடைசெய்யப்பட்ட ரகம், நம் சாதாரண லைசென்ஸில் வராது.

காகிதம்: தனியாரிடம் வாங்கினால் விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். துப்பாக்கியில் வெட்டியிருக்கும் நம்பரை லைசென்ஸ் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் பின்னால் அலைச்சல் உங்களுக்குத்தான். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆகவே ஆசைக்கு ஒன்று வாங்கி ஒரு இடத்தை வீணாக்குவதையும் யோசியுங்கள்.

வாங்கியபின் எதிரி துருதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கும். தோல் உறையில் போட்டு வைத்தால் போச்சு, தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். 2018-இல் கஜா அடித்துப் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது எண்ணெய்த் துணியும் சிலிகா ஜெல்லும்தான் காப்பாற்றியது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள், 2024-இல் மார்ச் நடுவில் அறிவிப்பு வந்து ஜூன் ஆனது முடிய. அதனால் கொடுக்குமுன் குழலுக்குள்ளும் சிலிண்டர் அறைகளிலும் கெட்டியாக எண்ணெய் தடவி, ரசீதில் நம்பரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுப்பன்றிக்கு உதவுமா என்றும் கேட்கிறார்கள். உதவாது, சட்டமும் விடாது.

போன மாதம் பட்டுக்கோட்டை நண்பர் ஒருவருக்கு நிக்கல் பூச்சு மின்னுகிற வெப்ளி ஒன்று வந்தது. ரேஞ்சுக்குக் கொண்டுவரச் சொல்லச் சொன்னேன். "தாத்தா காலத்துப் பொருள், சுட்டா மதிப்புக் கொறஞ்சிடும்" என்றாராம் விற்பவர். நண்பர் கான்பூர் .32-க்கு விண்ணப்பித்துவிட்டார்.