கொம்பைக் கோட்டைவிட்ட சதுரகராதி

வீரமாமுனிவர் 1732-இல் முடித்த, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி கொண்ட சதுரகராதிக்கு ஒரு மலிவுப் பதிப்பு இப்போது சென்னைக் கடைகளில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய அச்சை ஸ்கேன் செய்து, ஓசிஆரில் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்தெடுக்கும் முறை) எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்க்காமலே அச்சேற்றியிருக்கிறார்கள். பத்துப் பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும்.

முன்னுரையில் பெரிய பிழை இல்லை. 1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்தது, 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தது, 1710-இல் கோவா வந்தது, தேம்பாவணியின் 3615 பாடல், 1747-இல் அம்பலக்காட்டில் மறைவு எல்லாம் உண்டு. அவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சிக்கு ஒரே வரிதான்.

கோளாறு அகராதிக்குள்ளே. குறில் எகர ஒகரத்துக்கு வைக்க வேண்டிய புள்ளியைச் சுவடியில் குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பார்வைக்கு ஒன்றாகவே நின்றன. கொம்பைச் (ெ) சுழித்து (ே) நெடிலைப் பிரித்துக் காட்டியவர் இதே முனிவர். அவருடைய நூலிலேயே அந்தச் சுழி போய்விட்டது! சொல்லுக்குப் பொருள் சொல்லும் பெயரகராதியில் கோ வரிசை நடுவே ‘கொடு’ என்று ஒரு சொல். பொருள் கொம்பு, சங்கு, மரக்கிளை. அது கோடு. வரிசையை வைத்தே இப்படிப் பலவற்றைப் பிடித்துவிடலாம்: கோ வரிசைக்குள் கொ வந்தால் சந்தேகப்படுங்கள்.

தொடையகராதியில் அப்படிப் பிடிக்க முடியாது. அங்கே சொற்கள் எதுகைப்படி நிற்கின்றன. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். பட்டுக்குக் கட்டு வரும், பாட்டுக்கு வராது. கேடு ‘கெடு’ ஆகிவிட்டால் வெண்பா எழுதுகிறவர் தளையோடு (சீர்கள் இணையும் முறை) தொடையையும் (இங்கே எதுகை) இழப்பார்.

பொருளகராதி, ஒரு பொருளுக்குப் பல பெயர் சொல்லும் பகுதி, ஓரளவு தேறும். தொகைப் பெயர்களை விரித்துச் சொல்லும் தொகையகராதியில் காற்புள்ளி உதிர்ந்து நாற்படை ‘தேர்யானைகுதிரைகாலாள்’ என்று ஒரே சொல்லாகக் கிடக்கிறது. பிரித்துப் படித்துக்கொள்ளலாம்.

பைண்டிங் வெறும் பசை ஒட்டு, நூல் தையல் இல்லை. உள்ளோரம் குறைவாக விட்டிருப்பதால் வரியின் கடைசி எழுத்து முதுகுக்குள் மறைகிறது. அழுத்தி விரித்தால் தாள் கழன்று வரும். அகராதியை எப்போதும் விரித்துப் போட்டுத்தானே பார்ப்போம்!

செய்யுளில் சொற்பொருள் சொல்லும் பழைய நூலான சூடாமணி நிகண்டை மனப்பாடம் பண்ணாதவர்களுக்கு இந்த நூல் வேண்டும்தான், இந்தப் பதிப்பு வேண்டாம். சென்னையில் லஸ்ஸிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய பிரதி கிடைத்தால் எடுங்கள். எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978-க்கு முந்தைய அச்சென்றால் ணை, லை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் இருக்கும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். காசு கொடுக்குமுன் கடைசிப் பாரத்தை (சேர்த்து அச்சிட்டு மடித்த பக்கத் தொகுதி) பாருங்கள். தொடையகராதி நூலின் கடைசியில் இருப்பதால் அட்டை போன பிரதியில் முதலில் காணாமல் போவது அதுதான்.