புறக்கோட்டை ஸ்கீ உடை: பந்தய வீரரின் ஜக்கெட்டில் ஒரு கற்றுக்குட்டி

சுவிற்சர்லாந்தின் பேர்ணில் வசிக்கும் அக்காவும் அத்தானும், பெப்ரவரியில் வந்தால் பனிச்சறுக்கும் பழகலாம் என்று அழைத்தபோது, விசாவுக்கு அடுத்தபடியாக என்னை யோசிக்க வைத்தது உடைதான். 30 பாகை வெயில் அடிக்கும் கொழும்பில் ஸ்கீ ஜக்கெட் எங்கே கிடைக்கும் என்று தேடியதில், ஏற்றுமதிக்கென்று தைத்து மிஞ்சிய ஆடைகளை விற்கும் புறக்கோட்டைக் கடைகள் சிலவற்றில் குளிர்நாட்டு உடைகளுக்கும் ஓர் இடம் உண்டு என்று தெரியவந்தது. நான் போனது குறுக்குத் தெரு ஒன்றில், ஒடுங்கிய படிக்கட்டின் மேல், இரண்டாம் மாடியில் இருக்கும் கடை. அங்கே வாங்கிய இரண்டு பொருள்களில் ஒன்றைக் குறை சொல்லப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வாங்கியவை ஒரு ஜக்கெட்டும் ஒரு காற்சட்டையும். ஜக்கெட் 14,500 ரூபா. கறுப்பில் செம்மஞ்சள் கோடுகள், உடலை ஒட்டிய வெட்டு, பந்தய அணியொன்றின் சீருடை போன்ற தோற்றம். காற்சட்டை 8,500 ரூபா. ஜக்கெட்டின் நீர்த்தடுப்பு 20,000 மில்லிமீற்றர் என்றும் காற்சட்டையினது 10,000 என்றும் பட்டிகளில் இருந்தது. துணியின் மேல் நிறுத்தப்படும் நீர்த்தம்பம் எவ்வளவு உயரம் வரை கசியாமல் நிற்கும் என்பதே இந்த எண்ணின் பொருள். அதனருகே கிராமில் தரப்படும் இன்னோர் எண், 24 மணி நேரத்தில் ஒரு சதுர மீற்றர் துணி வெளியேற்றும் வியர்வை ஆவியின் அளவைக் குறிக்கும். அன்று இவற்றில் எதையும் நான் வாசிக்கவில்லை. கடைக்கார நானா, "தம்பி, இதப் போட்டா நீங்க சம்பியன் மாதிரி இருப்பீங்க" என்றார். மின்விசிறிக்கு நேரே நின்று வியர்க்க வியர்க்க அணிந்து பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சறுக்கத் தெரியாதவன் சம்பியன் போல் உடுத்தலாமா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். காலிமுகத்திடலில் மாலை நடைக்கு வருகிறவர்கள் மரதன் ஓட்டக்காரரின் சப்பாத்தோடு கடலை வாங்கித் தின்பதை யாரும் குறை சொல்வதில்லையே என்பது என் வாதமாக இருந்தது. அந்த வாதத்தை இன்றும் முழுவதும் கைவிடவில்லை. நிறமும் கோடும் ஒருவருடைய திறமையோடு பொருந்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பனியில் விழுந்து கிடப்பவரைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளச் செய்யும் நிறம் உண்மையில் புதியவருக்கே அதிகம் உதவும். ஆனால் உடையின் வெட்டும் துணியும் வேறு விடயம். அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வகைச் சறுக்கலுக்காகச் செய்யப்பட்டவை என்பதை அங்குள்ள பனிச்சறுக்கு ஊரான கிரின்டெல்வால்டுக்குப் போன பிறகே விளங்கிக்கொண்டேன்.

அந்த ஊருக்கு அண்மையில் வெங்கனில் நடக்கும் லவுபர்ஹோர்ன் என்ற பனிச்சறுக்குப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் நாலரைக் கிலோமீற்றர் நீளமான அந்தச் சரிவில் 2013 இல் ஒரு வீரரின் வேகம் மணிக்கு 161.9 கிலோமீற்றராகப் பதிவானது. அந்த வேகத்தில் துணியின் ஒரு மடிப்புக் கூடக் காற்றில் படபடத்து நேரத்தைத் தின்னும். ஆகவே பந்தய உடைக்குப் பையும் கிடையாது, குளிர்தாங்கும் பஞ்சும் கிடையாது. துணி ஒரு சதுர மீற்றருக்கு வினாடிக்குக் குறைந்தது 30 லீற்றர் காற்றையாவது ஊடுருவ விட வேண்டும் என்று சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம் விதித்திருப்பதால், குளிர் நேரே உடம்பில் இறங்கும். வீரர்கள் புறப்படும் கணம் வரை அதன் மேல் தடித்த உடையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். என்னுடையது அசல் பந்தய உடையன்று, அதன் சாயலில் வெட்டப்பட்டது மட்டுமே. ஆனாலும் பஞ்சில்லாத அந்தத் தனி மேலோட்டு ஜக்கெட், இடைவிடாமல் இயங்கித் தன் உடற்சூட்டிலேயே கதகதப்பாக இருப்பவருக்கானது. நானோ பழகுதளத்தில் என் முறைக்காகப் பத்து நிமிடம் நின்று, ஒரு நிமிடம் சறுக்கி, மறுபடியும் நின்றேன். உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை போடலாம் என்றால் ஒட்டிய வெட்டு இடம் தரவில்லை. அக்காவின் தடித்த சுவெற்றரை உள்ளே திணித்துக்கொண்டதும் கைகள் இரண்டும் வயல் வெருளியைப் போல் விரிந்து நின்றன.

தோற்றம் தந்த சங்கடம் அதற்கு முன்பே, ஸ்கீ வாடகைக் கடையிலேயே ஆரம்பித்துவிட்டது. சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை உங்கள் நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம் ஆகியவற்றோடு நீங்கள் எந்த வகைச் சறுக்குநர் என்பதையும் வைத்தே கணிக்கிறார்கள். மெதுவாக, எச்சரிக்கையோடு சறுக்குபவர் முதலாம் வகை. வேகமாகவும் மூர்க்கமாகவும் சறுக்குபவர் மூன்றாம் வகை. பணியாளர் என் ஜக்கெட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூன்றாம் வகைதானே?" என்று அத்தானிடம் ஜெர்மன் மொழியில் கேட்டாராம். அத்தான் சிரித்த சிரிப்பில் முதலாம் வகை என்று குறிக்கப்பட்டது. கூச்சத்தால் நான் தலையாட்டியிருந்தால், மெதுவாகத் திருகிக்கொண்டு விழும்போது பூட்டு விடுபடாமல் முழங்கால் போயிருக்கும். திறமையோடு பொருந்தியே தீர வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இந்தப் படிவத்தில் எழுதப்படும் விடைதான். உடை அந்த விடையைக் குழப்பக்கூடும் என்பதே பகட்டான ஜக்கெட்டைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல்.

இனிக் காற்சட்டை. முதல் நாள் காலை மட்டும் நான் பதினேழு தடவை விழுந்ததாக மருமகன் எண்ணிச் சொன்னான். தேர்ந்தவர் பனியைத் தொடுவது பெரும்பாலும் பலகையால்; கற்றுக்குட்டி தொடுவது பின்புறத்தாலும் முழங்காலாலும். பனியில் உட்காரும்போது உடற்சூட்டில் அது உருகுகிறது, உடற்பாரம் அந்த நீரைத் துணிக்குள் தள்ளுகிறது. ஆகையால் மிகச் சிறந்த நீர்த்தடுப்பு வேண்டியவர் வல்லவரைக் காட்டிலும் புதியவரே. அதுவும் மேலே அல்ல, கீழே. நானோ 20,000 ஐத் தோளில் போட்டுக்கொண்டு 10,000 இல் உட்கார்ந்தேன்.

அந்த 10,000 ஆவது நின்றிருந்தால் போதும். மதியத்துக்குள் பின்புறத் தையல் வழியாக ஈரம் இறங்கிவிட்டது. இரவு காற்சட்டையைப் புறம் மாற்றிப் பார்த்தபோது, தையல் துளைகளை அடைக்க உட்புறம் ஒட்டப்பட்டிருந்த நாடா வாழைத் தோல்போல் உரிந்து வந்தது. துணியின் உட்பூச்சும் விரலில் பிசுபிசுத்தது. இது தையற்காரரின் பிழையன்று. இத்தகைய பூச்சுகளுக்கும் நாடாக்களுக்கும் பயன்படும் பொலியூரித்தேன், வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்த காற்றில் நீராற்பகுப்புக்கு உள்ளாகி, அதாவது நீரால் சிதைந்து, ஒருமுறையும் அணியாமலே பழுதாகக்கூடியது. பனியில் பல பருவங்கள் உழைக்க வேண்டிய துணி, புறக்கோட்டை மாடியில் பொலித்தீன் உறைக்குள் சில மழைக்காலங்களைக் கழித்தாலே கெட்டுவிடலாம். கொழும்பில் இவ்வகை உடை வாங்குகிறவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டியது இதைத்தான்: உட்புறத் தையல் நாடாவின் நுனியை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள், பூச்சைத் தேய்த்துப் பாருங்கள், புளித்த நெடி வந்தால் விலை எதுவானாலும் வைத்துவிடுங்கள்.

ஜக்கெட்டுக்கு அந்தக் கதி நேரவில்லை. நான் போட்டிருந்த நாள்களில் ஒரு துளி உள்ளே வரவில்லை. இடுப்பின் உட்புறம் இருக்கும் பனித்தடுப்புப் பாவாடை, விழும்போதெல்லாம் முதுகுக்குள் பனி ஏறாமல் காத்தது. பக்கவாட்டில் அடிவைத்து மேடேறி வியர்த்தபோது அக்குளில் உள்ள சிப்பைத் திறந்துவிடுவது பெரிய ஆறுதல். இடது முன்கையிலுள்ள சிறு பை எதற்கென்று கொழும்பில் யோசித்தேன். சறுக்குபவர்களை மேலே ஏற்றிவிடும் இழுவைக்கான அட்டையை அதில் வைத்தால் நுழைவாயில் தானாகத் திறக்கிறது. ஒரே குறை, அதன் வழுவழுப்பான மேற்துணி. கடினப்பட்ட பனியில் விழுந்தால் பிடிப்பில்லாமல் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போகிறது. பழகுதளத்தில் அது வேடிக்கை. செங்குத்தான சரிவில் அப்படியிருக்காது. நான்காம் நாள், எளிதான சரிவு என்று குறிக்கப்படும் நீலப் பாதைக்குப் போனபோது அதை மருமகனிடம் கொடுத்துவிட்டு, அத்தானுடைய பழைய, தொளதொளத்த, பஞ்சு வைத்த ஜக்கெட்டை வாங்கிப் போட்டேன். படத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் குளிரவில்லை, கையும் மடங்கியது. மிகக் கடினமான கறுப்புப் பாதையிலும் தயங்காமல் இறங்கும் மருமகனுக்கோ அந்தப் பந்தய ஜக்கெட் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அது பேர்ணிலேயே தங்கிவிட்டது.

விலையைப் பற்றிச் சொன்னால், அதே தரத்து ஜக்கெட் அங்கே சில நூறு பிராங்குகள். அந்தக் கணக்கில் புறக்கோட்டை மலிவுதான். முதல் தடவை போகிறவர்கள் அங்குள்ள கடைகளில் உடையையும் வாடகைக்கு எடுக்கலாம் என்பதை யாராவது எனக்கு முன்னரே சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்ததும் காற்சட்டையை நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நாடாவை இழுத்துப் பார்த்தவர், ஏற்றுமதி மிச்சத்துக்கு மாற்றுக் கொடுப்பதில்லை என்று சுவரிலுள்ள அறிவித்தலைக் காட்டினார். பிறகு மனம் கேளாமல், புதிதாக வந்த பொதியொன்றைப் பிரித்து, தோள்வார் வைத்த பஞ்சுக் காற்சட்டை ஒன்றை 2,000 ரூபா குறைத்துத் தந்தார். சாம்பல் நிறம், பெரிய அளவு, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தையல்கள் எல்லாவற்றையும் நகத்தால் சோதித்த பிறகே காசைக் கொடுத்தேன். இப்போது அது வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் பொலித்தீன் உறை இல்லாமல், ஈரம் உறிஞ்சும் பொதிகள் நான்கோடு தொங்குகிறது.