சேவ் பண்ணிய முந்நூறு வார்த்தைகள்

எம்.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்த முதல் செமினாரில் 'சட்டில்' (subtle) என்ற சொல்லை, எழுத்தில் இருப்பதுபோலவே 'சப்டில்' என்று படித்துத் தொலைத்தேன். பின்வரிசையில் சிரிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கல்லூரியில் ஆங்கிலம் எழுதியதுண்டு, பேசியதில்லை. அன்றிரவு ஹாஸ்டலில் படுத்தபடியே இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் ஆங்கில வீடியோக்களைத் தேட ஆரம்பித்தவன், 14 மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உச்சரிப்புக்கு இதைவிட நல்ல வாத்தியார் எனக்குக் கிடைத்ததில்லை. 'ரிசீட்' (receipt), 'டெட்' (debt) மாதிரி, எழுத்தில் இருந்தும் வாயில் வராத ஒலிகளைப் புத்தகம் பார்த்துப் பிடிக்க முடியாது. ஷார்ட்ஸ் தானாகவே திரும்ப ஓடும். அரை நிமிட வீடியோவை நான்கு முறை ஓடவிட்டால் நாக்கு பழகிவிடும். 'டிஸ்கஸ் அபௌட்' கிடையாது, வெறும் 'டிஸ்கஸ்'தான். 'கோப் அப் வித்' கிடையாது, 'கோப் வித்'. இப்படி ஒரு வீடியோவுக்கு ஒரு திருத்தம் என்று வந்தவை எல்லாம் இன்றுவரை மறக்கவில்லை.

புதுச் சொற்கள் விஷயத்தில்தான் ஏமாந்தேன். பார்த்ததை எல்லாம் சேவ் பண்ணினேன். ஆறாம் மாதம் எண்ணினால் 300-க்கு மேல். ரூம்மேட்டிடம் போனைக் கொடுத்து, முதல் ஐம்பதைக் கேட்கச் சொன்னேன்.

"ரெசிலியன்ட்னா என்னடா?"

அந்த வீடியோவில் பேசிய பெண்ணின் மஞ்சள் சட்டை ஞாபகம் வந்தது. பின்னால் இருந்த பூந்தொட்டிகூட வந்தது. பொருள் மட்டும் வரவில்லை. ஐம்பதுக்குப் பதின்மூன்று. சேவ் பட்டனை அழுத்தியதுமே படித்துவிட்டதாக மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது போல.

தெரிந்த சொற்களிலும் சிக்கல் இருந்தது. 'ரிலக்டன்ட்' என்றால் தயக்கம் என்றது ஒரு வீடியோ. 'ஹெசிடன்ட்' என்றாலும் தயக்கம் என்றது இன்னொன்று. முன்னது மனசில்லாமல் செய்வது, பின்னது செய்யலாமா வேண்டாமா என்று தடுமாறுவது. அரை நிமிடத்தில் அதை யார் விளக்குவது?

'வெரி சேட் சொல்லாதீங்க, டெவஸ்டேட்டட் சொல்லுங்க' வகை வீடியோக்கள் இன்னும் மோசம். அதை நம்பி, தேர்வைத் தவறவிட்டதற்கு 'டெவஸ்டேட்டட்' ஆகிவிட்டேன் என்று எங்கள் மேடத்துக்கு மெயில் போட்டேன். உடனே போன் வந்தது. "வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையேப்பா?" நான் பஸ்ஸைத்தான் விட்டிருந்தேன்.

அதன்பிறகு முறையை மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரு சொல்தான். ஒவ்வொன்றையும் கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் சரிபார்ப்பேன். இலவசம், பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உண்டு. பிறகு என் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதுவேன். 'ரிலக்டன்ட்'டுக்கு எழுதியது: காலை ஆறு மணிக்குக் குளிக்க நான் ரிலக்டன்ட், பச்சைத் தண்ணீர் என்பதால். அதை அன்கி என்ற ஆப்பில் கேள்வி-பதில் அட்டையாகப் போட்டுவிடுவேன். ஆண்ட்ராய்டில் காசில்லை. மறக்கப்போகும் நேரம் பார்த்து அதுவே திரும்பக் கேட்கும். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கும் என்பது எபிங்காஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்த சங்கதிதான். நான் ஆறு மாதம் வீணாக்கித் தெரிந்துகொண்டேன்.

இந்த எட்டு மாதத்தில் சேர்த்த சொற்கள் பழைய சேவ் பட்டியலைவிட அதிகமில்லை. ஆனால் போன வாரக் குரூப் டிஸ்கஷனில் 'ரெசிலியன்ட்' தானாக வாயில் வந்து விழுந்தது, மஞ்சள் சட்டை நினைவுக்கு வராமலே.

யார் வீடியோவைப் பார்ப்பது என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் மாதிரி, சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறவர்களைத்தான் சொல்வேன். தமிழில் விளக்குகிறவர்களும் நன்றாகவே சொல்கிறார்கள், ஆரம்பத்துக்கு அவர்கள்தான் சுலபம். 'ஒரே நாளில் சரளமாக' என்று ஆரம்பித்தால் அடுத்த நொடியே தள்ளிவிடுங்கள், கடைசியில் கோர்ஸ் விற்பார்கள்.

இரவு பத்துக்கு மேல் மட்டும் நான் திறப்பதில்லை. இரண்டு ஆங்கில வீடியோ ஓடும், மூன்றாவதாகப் பரோட்டா மாஸ்டர் வந்துவிடுவார். அப்புறம் மணி பன்னிரண்டரை.