நான்கு வார விடுமுறையில் ஓர் ஒற்றையாள் கூடாரம்

இந்த முறை ஊருக்கு வந்தபோது, உறவினர்களைப் பார்ப்பதற்கு அடுத்தபடியாக எனக்கு இருந்த பெரிய வேலை, முதுகில் சுமந்து நடப்பதற்கேற்ற ஒற்றையாள் கூடாரம் ஒன்றை என் கைக்கு அடங்கும் விலையில் தேர்ந்தெடுப்பதுதான். நான் வேலைபார்க்கும் நாட்டிலும் கூடாரங்கள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒன்றை விரித்துப் பார்க்க இடமில்லை. இங்கோ அண்ணன் வீட்டு மொட்டைமாடியும், உதவிக்கு அவர் மகனும், கையில் நான்கு வாரங்களும் இருந்தன. அந்த நான்கு வாரங்களில் இரண்டு கடைகள், ஒரு வாடகை நிலையம், ஓர் இணைய விற்பனைத் தளம், ஒரு தையற்கடை ஆகியவற்றின் சேவையைப் பெற்றேன். இதே வேலையாக ஊருக்கு வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதல் கடையில் உறையைப் பிரிக்கவே விடவில்லை. "பிரிச்சா திரும்ப மடிக்க முடியாது மேடம், எல்லாம் அட்டையிலேயே போட்டிருக்கு" என்றார் விற்பனையாளர். அட்டையில் 1.3 கிலோ என்று இருந்தது. அதில் முளைகளும் இழுகயிறுகளும் பையும் சேருமா என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. கேள்வி சிறியது போலத் தோன்றினாலும், தேர்வின் பாதி இதில் அடங்கியிருக்கிறது. பல தயாரிப்பாளர்கள் உள்கூடாரம், வெளித்துணி, கம்பிகள் ஆகிய மூன்றை மட்டும் கூட்டிக் குறைந்தபட்ச எடை என்று ஒன்றும், உறைக்குள் இருக்கும் அனைத்தையும் கூட்டி முழு எடை என்று இன்னொன்றுமாக இரண்டு கணக்குகள் தருகிறார்கள். நம் தோளில் ஏறுவது இரண்டாவது எடை. எடை ஒரு கிலோவுக்குக் கீழே இறங்க இறங்க விலை வேகமாக ஏறுகிறது. டைனீமா என்னும் மிக இலேசான, உறுதியான இழைத்துணியில் செய்தவை என் சக்திக்கு அப்பாற்பட்டவை. ஆகவே ஒன்றரை கிலோவை ஒட்டிய முழு எடையை என் எல்லையாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடையில் கிடைத்த சேவையை மனமாரப் பாராட்ட வேண்டும். அங்கிருந்த இளைஞர், நான் கேட்பதற்கு முன்பே கூடாரத்தைத் தரையில் எழுப்பிவிட்டு, "அக்கா, செருப்பைக் கழற்றிட்டு உள்ளே படுத்துப் பாருங்க, நீங்க படுக்குற மெத்தை இருந்தா அதையும் நாளைக்குக் கொண்டுவாங்க" என்றார். மறுநாள் என் காற்று மெத்தையுடன் போனேன். என் உயரம் 168 செ.மீ., கூடாரத் தரையின் நீளம் 205 செ.மீ.; காகிதத்தில் பார்த்தால் தாராளம். ஆனால் 8 செ.மீ. தடிப்புள்ள மெத்தைமேல் படுத்தவுடன், சாய்ந்து இறங்கும் சுவர் என் கால்விரல்களைத் தொட்டது. சுவர் சாய்வாக இருப்பதால், தரையிலிருந்து உயர உயர உள்நீளம் குறைகிறது. வெறும் தரையில் படுத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அவர் உடனே 220 செ.மீ. நீளமுள்ள இன்னொன்றை எழுப்பினார். உட்கார்ந்த நிலையில் என் உயரம் 88 செ.மீ.; மெத்தையையும் சேர்த்தால் 96. அந்தக் கூடாரத்தின் உச்சி 105 செ.மீ. உயரத்தில், அதுவும் நடுவில் அல்லாமல் தலைப்பக்கத்தில் அமைந்திருந்ததால், குனியாமல் உட்கார்ந்து சட்டை மாற்ற முடிந்தது. மழை நாளில் பல மணிநேரம் உள்ளே அடைந்து கிடக்க நேரும்போது இந்த 9 செ.மீ. இடைவெளியின் அருமை புரியும்.

அட்டைகளில் பெரிய எழுத்தில் போடப்படும் நீர்த்தாங்கு அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணியின்மேல் நீரை ஒரு தூணாக நிறுத்தி, எந்த உயரத்தில் நீர் கசியத் தொடங்குகிறது என்று பார்த்து, அந்த உயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பதே அந்த அளவு. வெளித்துணிக்கு 1500 மி.மீ. இருந்தால் பெரும்பாலான மழைக்குப் போதும். முழங்காலை ஊன்றும்போது அழுத்தம் கூடுவதால் தரைத்துணிக்கு அதைவிட அதிகம் வேண்டும். 5000 என்ற எண்ணைக் காட்டி முதல் கடையில் என்னை மயக்கப் பார்த்தார்கள். ஆனால் கூடாரம் ஒழுகுவது பெரும்பாலும் துணியின் நடுவில் அல்ல, ஊசி துளைத்த தையலில்தான். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணியில் தையல்மேல் நாடா ஒட்டித் தருகிறார்கள். இருபுறமும் சிலிகான் பூசிய துணியில் நாடா ஒட்டாது. அதற்கென உள்ள சிலிகான் பசையை நாமே தடவிக் காயவைக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன், ஒரு வாடகை நிலையத்தில் இரண்டு வகைக் கூடாரங்களை எடுத்து ஒவ்வொன்றையும் ஓர் இரவு சோதித்தேன். ஒன்று ஒற்றைச் சுவர் கொண்டது. தனிக் கம்பிகள் இல்லாமல் நடைக்கோலை ஊன்றி நிறுத்துவது. மற்றது உள்ளே வலைக் கூடாரமும் மேலே தனி வெளித்துணியும் கொண்ட இரட்டைச் சுவர் வகை. தன் கம்பிகளாலேயே நிற்பது. நிலையத்தில் பொருளைத் தந்தவர் முளைகளை என் கண்முன்னே எண்ணிக் கொடுத்தார். கம்பி விரிசல் விட்டால் அதன்மேல் மாட்டும் சிறு குழாயை எப்படிப் பொருத்துவது என்று செய்துகாட்டினார். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், காயவைத்தே திருப்பித் தர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பொருளை மதிப்பவர் என்று அப்போதே தோன்றியது.

ஒற்றைச் சுவர்க் கூடாரம் உண்மையிலேயே இலேசானது. ஆனால் மொட்டைமாடியின் சிமென்ட் தரையில் முளை இறங்காததால், செங்கற்களில் கயிற்றைக் கட்டித்தான் நிறுத்த முடிந்தது. பாறைத் தரையில் தங்க நேர்ந்தாலும் இதே கதைதான். அதிகாலை நான்கு மணியளவில் விழித்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, தலைக்குமேல் துணியின் உட்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மழையே இல்லை, என் மூச்சுதான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருந்தது. கால் மாற்றிப் படுத்ததும் துளிகள் வரிசையாகச் சரிந்து தூக்கப்பையின் அடிப்பகுதியை நனைத்தன. இரட்டைச் சுவர் வகையிலும் நீர் கோக்கும், ஆனால் அது வெளித்துணியின் உட்புறத்தோடு நின்றுவிடும். இடையில் உள்ள வலை நம் உடலை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. சில நூறு கிராம் கூடினாலும் எனக்கு இரட்டைச் சுவர்தான் என்று அந்த விடியற்காலையில் முடிவு செய்தேன்.

இணைய விற்பனைத் தளத்தில் கிடைத்த அனுபவம் மனத்தை வருத்தியது. திருப்பி அனுப்ப 10 நாள் அவகாசம் என்று போட்டிருந்ததால், விலை குறைந்த இரட்டைச் சுவர்க் கூடாரம் ஒன்றைத் தருவித்து, வந்த அன்றே மாடியில் நிறுத்தி, அண்ணன் மகனைக் குழாயால் இருபது நிமிடம் தண்ணீர் பாய்ச்சச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கால்பக்க மூலையில், தரைத்துணியும் சுவரும் சேரும் தையலில் நாடா மடிந்து ஒட்டியிருந்த இடத்தில் நீர் ஊறி வந்தது. கண்ணாடி இழைக் கம்பிகளில் ஒன்றின் முனை சிராய் சிராயாகப் பிரிந்திருந்தது. மறுநாளே திருப்பி அனுப்பப் பதிவு செய்தும், எடுத்துச்செல்ல ஆள் வர ஒன்பது நாள் ஆனது. பணமோ நான் விமானம் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தது. குறுகிய விடுமுறையில் வருபவர்கள் இப்படி எதையும் முதல் வாரத்திலேயே தருவித்துவிட வேண்டும், வந்த நாளிலேயே நனைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியில் இரண்டாவது கடைக்கே திரும்பினேன். அந்த 220 செ.மீ. கூடாரத்தின் வெளித்துணி பாலியெஸ்டர். நைலானைப் போல நனைந்தவுடன் நீண்டு தொய்வதில்லை என்பதால் நள்ளிரவில் எழுந்து கயிறுகளை இறுக்க வேண்டியிருக்காது. கம்பிகள் அலுமினியம், மிகையாக வளைத்தால் கோணும், கண்ணாடி இழையைப் போலச் சிராயாகப் பிளக்காது. வாசல் பக்கவாட்டில் இருப்பதால் தவழ்ந்து நுழைய வேண்டியதில்லை. வாசலுக்கு வெளியே முதுகுப்பையையும் நனைந்த காலணிகளையும் வைக்க மூடாக்கும் உண்டு. கடைத் தராசில் முழு எடை 1.58 கிலோ. நான் வைத்த எல்லைக்கு 80 கிராம் மேல் என்றாலும், மற்றவை அனைத்தும் பொருந்தியதால் ஏற்றுக்கொண்டேன்.

கயிறு மாட்டும் வளையம் ஒன்றில் தையல் விட்டிருந்தது. தெருமுனைத் தையற்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துணியில் புதிய துளை விழாதபடி பழைய துளைகளின் வழியாகவே கையால் தைத்துக் கொடுத்தார். பயணத்திற்கு முந்திய நாள் முழுக் கூடாரத்தையும் நிழலில் உலர்த்தினோம். கூர்மையான முளைகளைக் கைப்பையில் அனுமதிக்காமல் போகலாம் என்பதால், அவற்றைத் தனித் துணியில் சுற்றிச் சரக்கில் போகும் பெட்டிக்குள் வைத்தோம். மடித்த கம்பிகள் 45 செ.மீ. நீளமே இருந்ததால் பெட்டியின் குறுக்காகவே அடங்கின. மூடுவதற்கு முன், வாடகை நிலையத்தில் பார்த்தது போலவே அண்ணன் மகன் முளைகளை ஒவ்வொன்றாக எண்ணினான். "பன்னிரண்டு இருக்கு அத்தை" என்றான். பன்னிரண்டுதான் இருக்க வேண்டும்.