டெம்மி அட்டையோடு டேப்லெட் பார்க்கப் போனேன்

அண்ணா சாலைக் கடையில் விற்பனைப் பையன் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "மேடம், இது எதுக்கு?" என்று கேட்டான். பழைய காலண்டர் அட்டை. எட்டரைக்கு ஐந்தரை அங்குலமாக வெட்டி எடுத்துப் போயிருந்தேன். அச்சகத்தில் டெம்மி 1/8 என்பார்கள். தமிழில் நாவல், கட்டுரை, தன்வரலாறு என்று வருபவை பெரும்பாலும் இந்த அளவுதான். அதைவிடச் சின்னது கிரௌன். எனக்குச் சோறு போடுவது டெம்மி.

22 வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். திருவல்லிக்கேணியில் வீடு. ஏ4 தாளில் பிரின்ட் வரும், சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்புவேன் என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது பதிப்பகங்கள் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகின்றன. அதை நான் பார்த்து வந்தது 2017இல் வாங்கிய எட்டு அங்குல டேப்லெட்டில். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். பக்கம் புரட்டினால் பாதிப் பக்கம் வெள்ளையாக நின்று யோசிக்கும். ஆனால் அதை மாற்ற முடிவு செய்தது பேட்டரியால் அல்ல. ஒரு புத்தகத்தில் 'கல்' என்பதற்குக் 'கல' என்று போயிருந்ததை விட்டுவிட்டேன். ஒரு புள்ளி. கண்ணாடியின் பவர் கூடிவிட்டது என்று கண் டாக்டரிடம் போனால், பவர் அப்படியேதான் இருக்கிறது என்றார். அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எட்டு அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. நிமிர்த்திப் பிடித்தால் அகலம் நாலேகால் அங்குலம்தான். ஐந்தரை அங்குலப் பக்கம் அதற்குள் வர வேண்டுமானால் 77 சதவீதமாகச் சுருங்க வேண்டும். புத்தகத்தில் 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து, என் திரையில் எட்டரைப் புள்ளி. ஏ4 கோப்பு என்றால் சரியாகப் பாதி. ஆங்கிலம் படிப்பவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். தமிழில் மெய்யெழுத்தின் உயிரே தலைமேல் இருக்கும் ஒரு புள்ளி. அது சுருங்கினால் கண் தானாக ஒரு புள்ளியைக் கற்பனை செய்து வைத்துக்கொண்டு நகர்ந்துவிடும். விரித்துப் பெரிதாக்கலாமே என்பீர்கள். வரிக்கு வரி இடமும் வலமும் இழுத்து 300 பக்கம் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆக எனக்கு ஒரே கேள்வி. டெம்மிப் பக்கம் சுருங்காமல், முழு அளவில் உட்காருமா? டேப்லெட் விமர்சனம் என்று இணையத்தில் கொட்டிக் கிடப்பதில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. எல்லோரும் கேம் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

அக்கா மகன், "சித்தி, யோசிக்காம ஐபேட் வாங்கிடு" என்றான். 2025 மார்ச்சில் வந்த ஏ16 சிப் ஐபேட், 128 ஜிபி, வைஃபை மட்டும் உள்ளது அப்போது 34,900 ரூபாய். 11 அங்குலம் என்று சொல்கிறார்கள். திரையில் 2360க்கு 1640 பிக்சல் புள்ளிகள், அங்குலத்துக்கு 264. வகுத்துப் பார்த்தால் உயரம் 8.9 அங்குலம், அகலம் 6.2. என் அட்டையை மேலே வைத்தேன். அழகாக உட்கார்ந்தது, பக்கவாட்டில் இடம்கூட மிச்சம். ஏ4 பக்கமும் 75 சதவீதத்துக்கு வரும், அதாவது 12 புள்ளி எழுத்து ஒன்பதாகத் தெரியும். படிக்கலாம்.

பக்கத்து மேசையில் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 எஃப்ஈ. இதுவும் அதே வருடம் ஏப்ரலில் வந்ததுதான். 10.9 அங்குலம், ஆனால் ஒல்லிக்குச்சி. உயரம் 9.2, அகலம் 5.8. அட்டை இதிலும் உட்கார்ந்தது, ஓரத்தில் நூலிழை இடம்தான். ஏ4 இதில் 70 சதவீதமாகிவிடும். முதல் சுற்றில் ஐபேடுக்கே வெற்றி என்று நினைத்தேன்.

கடைப் பையனிடம், "இதில் ஒரு பிடிஎஃப் திறந்து காட்டுப்பா" என்றேன். அவன் அருவி வீடியோ காட்டினான். இன்னும் ஒரு முறை கேட்டேன். கிளி வீடியோ காட்டினான். பென்டிரைவ் செருகக் கூடாதாம், கடை விதி. சரியென்று பிரௌசரைத் திறந்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குப் போய் ஒரு பழைய நூலை இறக்கினேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு, 'லை'யும் 'ணை'யும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவை. ஸ்கேன் செய்த படம் என்பதால் திரைக்கு நல்ல சோதனை. மங்கிய தாளில் மங்கிய மை. அதில் புள்ளி தெரிந்தால் எதிலும் தெரியும். இரண்டிலுமே தெரிந்தது.

ஆனால் பேனா பட்டையோடு திறந்தபோதுதான் விஷயம் மாறியது. பிடிஎஃப்பில் குறி போடும் செயலிகள் பெரும்பாலானவற்றில் மேலே ஒரு பட்டை இருக்கும். பேனா, அழிப்பான், நிறம். அதற்கு மேலே மணியும் பேட்டரியும் காட்டும் கோடு. ஐபேடில் எட்டரை அங்குலப் பக்கம் போக மிச்சம் அரை அங்குலம்கூட இல்லை. பட்டை வந்ததும் பக்கம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. சாம்சங்கில் முக்கால் அங்குலம் மிச்சம், பக்கம் அசையவே இல்லை. ஏ4 படிப்பவருக்கு ஐபேடின் வாகு நல்லது, டெம்மியில் குறி போடுபவளுக்கு அந்த ஒல்லிக்குச்சிதான் நல்லது. இதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

பேனா எதற்கு, தட்டச்சு செய்து திருத்தலாமே என்று யாராவது கேட்கலாம். தமிழ்ப் புத்தக பிடிஎஃப்பில் அது நடக்காது. நிறைய இடங்களில் இன்னும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில்தான் பக்கம் அமைக்கிறார்கள். கண்ணுக்கு அம்மா என்று தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டும். தேடினாலும் கிடைக்காது. அதனால் படத்தின் மேல் கையால் எழுதுவது ஒன்றே வழி. எனக்கு டேப்லெட்டின் பாதி விலை பேனாவுக்குத்தான்.

இங்கேதான் 34,900 என்ற எண் ஏமாற்றுகிறது. ஐபேட் பெட்டியில் பேனா கிடையாது. இருப்பதிலேயே விலை குறைந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் அப்போது 7,900 ரூபாய். இரண்டும் சேர்த்து 42,800. எஸ்10 எஃப்ஈ அப்போது 42,999, அதன் பேனாவான எஸ் பென் பெட்டியிலேயே இருக்கிறது. 199 ரூபாய் வித்தியாசம்! அந்த ஆப்பிள் பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது, அதாவது அழுத்தி எழுதினால் கோடு தடிக்காது. புரூஃப் குறிக்கு அது தேவையில்லை. ஆனால் அதற்குச் சார்ஜ் போட வேண்டும். எஸ் பென்னுக்குச் சார்ஜே வேண்டாம். இரவு 11 மணிக்குப் பேனா தீர்ந்துபோவது என்ற கவலையை நான் புதிதாகச் சம்பாதித்துக்கொள்ள விரும்பவில்லை.

ஐபேட் ஏர் பக்கம் போனேன், 59,900 என்றதும் திரும்பிவிட்டேன். அதன் திரையில் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி இல்லை, டியூப்லைட் பளபளப்பும் குறைவு. சாதா ஐபேடில் அந்த இரண்டு வசதியும் இல்லை, பேனா முனை எழுத்துக்கு ஒரு மயிரிழை மேலே மிதப்பது தெரிகிறது. அதற்காக 25,000 கூடுதலாகக் கொடுக்க முடியாது.

எனக்குப் பக்கத்துக்கு 15 ரூபாய் கிடைக்கிறது. எதையும் நான் பக்கத்தில்தான் அளப்பேன். 43,000 என்றால் 2,866 பக்கம். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்திய அக்டோபர், நவம்பர், டிசம்பர் முழுக்க ராத்திரி பகலாக உட்கார்ந்தால் வருகிற காசு. நந்தனம் மைதானத்தில் பந்தல் போடும் நாள்வரை எனக்குத் தூக்கம் இருக்காது. அவ்வளவையும் ஒரு பலகைக்குக் கொடுப்பதா என்று பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேறொன்று தோன்றியது. 2023இல் வந்த எஸ்9 எஃப்ஈயின் விவரங்களை எடுத்துப் பார்த்தேன். அதே 10.9 அங்குலம், அதே 2304க்கு 1440 புள்ளிகள், அதே 90 ஹெர்ட்ஸ், பெட்டியிலேயே எஸ் பென், தண்ணீர் தூசிக்கு ஐபி68. சிப் பழையது, ரேம் 6 ஜிபி, 26 கிராம் எடை கூடுதல். பிடிஎஃப் புரட்டப் புதிய சிப் என்ன செய்யப்போகிறது? வந்தபோது 36,999. ஆடித் தள்ளுபடியில் 29,500க்குக் கொடுத்தார்கள். உறைக்கு 900. வாங்கிவிட்டேன்.

ஐபேடை விட்டதில் ஒரு வருத்தம் உண்டு, மறைப்பானேன். ஆப்பிள் பழைய கருவிகளைச் சீக்கிரம் கைவிடுவதில்லை. 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடிலும் ஐபேட்ஓஎஸ் 18 வரை ஓடுகிறது. தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வருகின்றன. நான் தமிழ்99 கை. சாம்சங்கில் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டுக்கொண்டேன், குறையில்லை. கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைக் கையால் எழுதினால் எழுத்தாக மாற்றித் தருகிறது. பதிப்பாசிரியருக்கு இரண்டு வரிக் குறிப்பு அனுப்ப அது போதும்.

மூன்று வாரமாகக் கையில் இருக்கிறது. 216 பக்க நாவல் ஒன்று, சமையல் புத்தகம் ஒன்று முடித்தேன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை, கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தாண்ட முடியாது. மாமனார் ராமாயணம் வைத்துப் படித்த மடக்குப் பலகையைப் பரணிலிருந்து இறக்கி, அதில் சாய்த்து வைத்திருக்கிறேன். 128 ஜிபி எனக்கு அதிகம்தான், ஆனால் மின்னூலகத்து ஸ்கேன் நூல்களைச் சேர்க்க ஆரம்பித்தால் ஆசை நிற்காது. மெமரி கார்டு போட இடம் இருக்கிறது. காபி ஒரு முறை சிந்தியது. துடைத்தேன், அவ்வளவுதான். காகிதப் புரூஃபில் அந்தக் கறைக்கு வருடக்கணக்கில் கிண்டல் கேட்டிருக்கிறேன்.

எந்தத் திரையாலும் தீராத ஒன்றும் இருக்கிறது. 'கௌரி'யில் வரும் ௌ ஒரே குறியாக இருக்கிறதா, அல்லது யாராவது கொம்பும் 'ள'வுமாகத் தட்டி வைத்திருக்கிறார்களா என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதைப் பக்கம் அமைப்பவர்தான் கணினியில் தேடிப் பிடிக்க வேண்டும்.

நாவலை அனுப்பிய அன்று லேஅவுட் செய்யும் தம்பி போன் செய்தார். "அக்கா, 216 பக்கத்துல ஒரு தப்புகூட இல்லையா?" என்றார், மரியாதையும் சந்தேகமும் கலந்த குரலில். நான் போட்ட சிவப்புக் குறி எதுவும் அவர் கணினியில் தெரியவில்லை. குறிகளைப் பக்கத்தோடு ஒட்டி வேறு கோப்பாகச் சேமித்து அனுப்ப வேண்டுமாம். செயலியின் பட்டியலில் அதற்கான வழியைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போனது. மறுபடி அனுப்பினேன்.

மறுநாள் வேறு கேள்வி. "அக்கா, 43ஆம் பக்கம், அது மூணு சுழி ணவா, ரெண்டு சுழி னவா?" காகிதத்தில் 22 வருடம் யாரும் என் கையெழுத்தை அப்படிக் கேட்டதில்லை. கண்ணாடியில் பேனா வழுக்குகிறது, சுழி நிற்காமல் ஓடிவிடுகிறது. 400 ரூபாய்க்கு மேட் ஃபிலிம் ஒன்று வாங்கி ஒட்டினேன். டியூப்லைட்டும் அதில் அவ்வளவாகப் பிரதிபலிக்கவில்லை. பழைய ஸ்கேன் நூல்களில் புள்ளி கொஞ்சம் மங்கியதும் உண்மை, அவற்றுக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டி வைக்கிறேன். சமையல் புத்தகத்துக்குத் தம்பியிடமிருந்து போன் வரவில்லை.